ஆட்டோகிளேவில் முள் காட்டாத இரண்டு விஷயங்கள்

கேட்டவர் முதுகலை நுண்ணுயிரியல் முதலாண்டு மாணவி. கல்லூரி ஆய்வகத்தில் பழைய செங்குத்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கலம்) ஒன்று இருக்கிறது, மீடியா, அதாவது நுண்ணுயிர் வளர்க்கும் ஊட்டக் கலவை, தயாரிக்கும் பொறுப்பு இவரிடம் வந்திருக்கிறது. அழுத்த முள் 15 பவுண்டை (சதுர அங்குலத்துக்கு) தொட்டதும் 15 நிமிடம் கணக்கு வைத்து அணைக்கிறார், ஆனாலும் மீடியா ஊற்றிய பெட்ரி தட்டுகளில் வேண்டாத கிருமி முளைக்கிறது. மூடியைத் திறக்கவும் பயம். "வால்வைத் திறந்து ஆவியை விட்டுவிடு, சீக்கிரம் முடியும்" என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். பாதுகாப்பாக எப்படி ஓட்டுவது என்பது கேள்வி.

முதலில், உங்கள் பயம் நியாயமானது. 30 செ.மீ. விட்டமுள்ள மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். 15 பவுண்டு அழுத்தத்தில் அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 745 கிலோ எடைக்குச் சமம். அழுத்தம் இறங்கி ஒரே ஒரு பவுண்டு மிச்சம் இருந்தால்கூட 50 கிலோ. முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று நட்டைக் கழற்றுகிறவர் அந்த 50 கிலோவின் மேல் குனிந்து நிற்கிறார்.

உங்கள் இரண்டு பிரச்சினைகளும், அதாவது தட்டில் முளைப்பதும் திறக்கும்போது வரும் ஆபத்தும், ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: அழுத்த முள் சொல்லாததையும் அது சொல்வதாக நம்புவது. முள் அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும். ஓட்டத்தின் தொடக்கத்தில் உள்ளே காற்று இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. முடிவில் பிளாஸ்குக்குள் இருக்கும் திரவம் எவ்வளவு சூடு என்றும் தெரியாது. நடுவில் ஓடும் அந்த 15 நிமிடத்தைத்தான் எல்லோரும் கடிகாரம் பார்த்துக் காக்கிறோம். கெட்டுப்போவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

காற்றிலிருந்து தொடங்குவோம். கிருமியைக் கொல்வது அழுத்தம் இல்லை. 121 டிகிரியில் இருக்கும் ஈரமான, தூய நீராவி. அது குளிர்ந்த பொருளின்மேல் பட்டு நீராக மாறும்போது ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2200 கிலோஜூல் வெப்பத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. அதனால்தான் உலர் வெப்பத்தில் 160 டிகிரியில் மணிக்கணக்கில் செய்வதை ஆவி 121 டிகிரியில் கால் மணி நேரத்தில் முடிக்கிறது. அழுத்தம் எதற்கு என்றால், நீராவியை 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேறு வழியில்லை என்பதற்காக மட்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் முள் காட்டும் 15இல் ஒரு பங்கு காற்றின் கணக்கு. காற்றை முழுக்க வெளியேற்றினால் 15 பவுண்டில் 121 டிகிரி கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு வெளியேறியிருந்தால் 115. பாதிதான் வெளியேறியது என்றால் 112. கொஞ்சமும் வெளியேற்றாமல் மூடினால் முள் அதே 15ஐக் காட்டும், உள்ளே 100 டிகிரிதான் இருக்கும். பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகளுக்கு, அதாவது சூடு தாங்கும் அதன் உறங்கும் வடிவங்களுக்கு, அது வெந்நீர்க் குளியல்.

இது வெறும் புத்தகக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெவன்போர்ட் மருத்துவமனையில், நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலர் இறந்தார்கள். பாட்டில்களில் பாக்டீரியா இருந்தது. அரசு அமைத்த கிளோதியர் குழு விசாரித்தபோது காரணம் தெரிந்தது: அந்தத் தொகுதியைத் தயாரித்த இடத்தில் ஆட்டோகிளேவுக்குள் காற்று தங்கியிருக்கிறது, கீழ்ப்பகுதியில் இருந்த பாட்டில்களுக்கு வேண்டிய வெப்பம் கிடைக்கவே இல்லை. வெப்பநிலை ஏறவில்லை என்று வெப்பமானி காட்டியதைப் பொருட்படுத்தாமல் அழுத்த முள்ளை நம்பியிருந்தார்கள். உங்கள் ஆட்டோகிளேவில் வெப்பமானியும் இருந்து, அதுவும் முள்ளும் ஒத்துப்போகாவிட்டால், வெப்பமானியை நம்புங்கள். "அது பழசு, அப்படித்தான் காட்டும்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

காற்றை வெளியேற்றுவது எப்படி? வீட்டுக் குக்கரில் செய்வதையேதான். மூடியதும் யாரும் வெயிட் போடுவதில்லை. ஆவி சீறிக்கொண்டு வரும்வரை காத்திருந்து போடுகிறோம். இங்கேயும் மூடியை முடுக்கி, ஆவி வால்வைத் திறந்து வைத்து, ஹீட்டரைப் போடுங்கள். முதலில் விட்டு விட்டு, புஸ் புஸ் என்று வரும். அது காற்றும் ஆவியும் கலந்தது. பிறகு இடைவிடாமல் ஒரே சீராக வர ஆரம்பிக்கும். சீராக வரத் தொடங்கியதும் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள், உள்ளே நிறைய பொருள் இருந்தால் பத்து நிமிடம். அதற்கப்புறம்தான் வால்வை மூட வேண்டும். அப்போது தொடங்கி முள் ஏறி 15க்கு வரும், அங்கிருந்துதான் கடிகாரம். இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்கப் பார்ப்பவர்கள்தான் இரண்டு நாள் கழித்து முழு பேட்ச் மீடியாவையும் கொட்டுகிறார்கள்.

குக்கர் பழக்கத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டிக்குள் காற்று போனாலும் பாத்திரத்துக்குள் தங்கும். ஆவியைவிடக் காற்று கனமானது, கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதுபோல் காலி பீக்கரின் அடியில் நிற்கும். அதனால் காலி பாத்திரங்கள், பிப்பெட் முனைகள் வைக்கும் டிப் பெட்டிகள் எல்லாவற்றையும் படுக்க வையுங்கள் அல்லது சாய்த்து வையுங்கள். ஃபாயிலை இறுக்கிச் சுற்றாதீர்கள். கூடையை அடைத்து நிரப்பினால் ஆவி நடுவுக்குப் போகாது. பொருளுக்குப் பொருள் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. முள் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெளிக்காற்றே சமவெளியை விட 3.5 பவுண்டு குறைவு. அங்கே முள் 15 காட்டும்போது, காற்றை முழுக்க வெளியேற்றியிருந்தாலும், உள்ளே 117 டிகிரி சுமார்தான் இருக்கும். 121 வேண்டுமானால் முள் 18.5 பக்கம் போக வேண்டும். கலம் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதா என்று தயாரிப்பாளரின் தகட்டைப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. ஏற்ற முடியாவிட்டால் நேரத்தைக் கூட்டி, வித்துச் சோதனை (பின்னால் சொல்கிறேன்) வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி, சுவிட்சைப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை. முதலில் தண்ணீர். ஹீட்டர் காயில் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், கூடையின் அடியைத் தொடக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆவி வெளியேறுவதால் மட்டம் குறையும், ஆகவே நேற்று ஊற்றினேன் என்பது கணக்கில் வராது. காயில் வெளியே தெரிந்தால் எரிந்துபோகும், அதற்குள் உள்ளே இருக்கும் ஆவியும் வறண்டுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீரை ஊற்றினால் சில மாதத்தில் காயில்மேல் சுண்ணாம்புப் படிவு ஓடுபோல ஏறிவிடும். அகர் (மீடியாவைக் கூழாக உறையவைக்கும் பொருள்) பொங்கி வழிந்த தண்ணீரை அன்றே வடித்துக் கழுவிவிடுங்கள். அது போய் வால்வுத் துவாரத்தில்தான் உட்காரும்.

அப்புறம் கேஸ்கெட், அதாவது மூடியின் ஓரத்தை ஆவி கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். வெடிப்பு, தடித்துப்போன இடம், ஒட்டியிருக்கும் அகர்த் துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் ஆவி கசிந்தால் நட்டை இன்னும் முடுக்கி நிறுத்தப் பார்ப்பது வழக்கம். அது தவறு. அணைத்து, அழுத்தம் இறங்கியபின் கேஸ்கெட்டைப் பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக, இரண்டிரண்டாக முடுக்க வேண்டும். வரிசையாக ஒரே சுற்றில் முடுக்கினால் மூடி ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். கையால் முடுக்கினால் போதும், குழாயைச் செருகி நெம்புவதெல்லாம் மரையைக் கெடுக்கும் வேலை.

சேஃப்டி வால்வு பற்றி நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அது அடிக்கடி ஊதுகிறது என்று அதன்மேல் எடை வைப்பது, கம்பியால் கட்டுவது, ஸ்பிரிங்கை முடுக்குவது எதையும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. ஊதுகிறது என்றால் அழுத்தம் ஏறுகிறது, இல்லை வால்வு பழுது. இரண்டுக்கும் பதில் அணைப்பதுதான். ஆண்டுக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு வால்வு, முள், கலம் மூன்றையும் சோதிக்கச் செய்து தேதியை மேலே ஒட்டி வைக்கும்படி துறைத்தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் ஹீட்டரும் ஒரே இரும்புக் கலத்தில் இருக்கும் பொருள் இது. தனி இணைப்பு, சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் மூன்றும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி ஓட்டுவதைப் பார்த்தால் ஓட்டாதீர்கள். தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது என்று யாராவது சொன்னால் அன்றோடு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எதை உள்ளே வைக்கக் கூடாது என்பதைப் பலரும் கேட்பதே இல்லை. பிளீச்சிங் கரைசல், ஹைப்போகுளோரைட் ஊற்றிய கழிவை ஆட்டோகிளேவில் வைத்தால் குளோரின் வாயு வரும், கலமும் அரித்துப்போகும். கிருமிநாசினியில் ஊறவைப்பது ஒரு வழி, ஆட்டோகிளேவ் இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது. ஆல்கஹால், ஈதர், அசிட்டோன், குளோரோஃபார்ம், ஃபீனால், ஃபார்மலின் இவை எதுவும் கூடாது. டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டுகளில் வரும் குவானிடின் கரைசல்களும் கூடாது, அவற்றைப் பிளீச்சோடு சேர்ப்பதோ அதைவிட மோசம். பிளாஸ்டிக்கில் பாலிபுரொப்பிலீன் தாங்கும், பாலிஸ்டைரீன் பெட்ரி தட்டு உருகிக் கட்டியாகிவிடும், பாலித்தீன் பாட்டில் நெளிந்துபோகும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் பாலிபுரொப்பிலீன் என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்கில் மீடியா மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம், அகர் இருந்தால் பாதியே நல்லது. ஸ்குரூ மூடி பாட்டில்களை முடுக்கிவிட்டு அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். இறுக்கி மூடிய பாட்டில் ஓட்டத்தின்போது சும்மா இருக்கும், ஏனென்றால் வெளியேயும் அழுத்தம். வெளி அழுத்தம் இறங்கும்போதுதான் உள்ளே இருப்பது தள்ளும். நீங்கள் மூடியைத் திறந்து, முகத்தை நீட்டிப் பார்க்கும் அந்த நேரத்தில் வெடிக்கும் பாட்டில் அதுதான்.

நேரம் விஷயத்தில் "15 நிமிடம்" என்பது சிறிய பாத்திரங்களுக்கான கணக்கு. 100, 200 மி.லி. பிளாஸ்குகளுக்குச் சரி. ஒரு லிட்டர் பிளாஸ்கின் நடுப்பகுதி சூடாக நேரம் ஆகும், அதற்கு 25 முதல் 30 நிமிடம் கொடுங்கள். இரண்டு லிட்டருக்கு 40க்கு மேல். ஒரே ஓட்டத்தில் சோதனைக் குழாயையும் இரண்டு லிட்டர் பிளாஸ்கையும் வைத்தால் ஒன்று வெந்துபோகும், இல்லை மற்றது வேகாது. ஒரு லிட்டரை நான்கு பிளாஸ்கில் பிரித்து வைப்பது எல்லா வகையிலும் நல்லது, ஆறுவதும் சீக்கிரம். சர்க்கரை உள்ள மீடியாவைக் கூடுதல் நேரம் வைத்தால் பழுப்பாகிவிடும். அவற்றுக்குப் பெரும்பாலும் 10 பவுண்டு, 115 டிகிரிதான். யூரியா, சீரம், பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் 0.22 மைக்ரான் வடிகட்டியில்தான் போக வேண்டும். டி.சி.பி.எஸ்., எக்ஸ்.எல்.டி. போன்ற மீடியாக்களைக் கொதிக்க வைத்தால் போதும், ஆட்டோகிளேவ் செய்யவே கூடாது. டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும்.

சரி, முடிவுக்கு வருவோம். உங்கள் சீனியர்கள் சொன்ன அந்தச் "சீக்கிரம்" இங்கேதான் ஆளைக் கெடுக்கிறது. ஓட்டம் முடிந்து ஹீட்டரை அணைத்தபோது பிளாஸ்குக்குள் மீடியா 121 டிகிரியில் இருக்கிறது. அது கொதிக்காமல் அமைதியாக இருப்பதற்கு ஒரே காரணம் மேலே உள்ள அழுத்தம். வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தைச் சட்டென்று எடுத்துவிட்டால் திரவம் 100 டிகிரிக்கு இறங்கியே ஆக வேண்டும். எப்படி இறங்கும்? தன்னில் ஒரு பகுதியை ஆவியாக்கித்தான். கணக்குப் போட்டால் நூற்றுக்கு நான்கு பங்கு வருகிறது. அரை லிட்டர் மீடியாவில் 20 கிராம் தண்ணீர். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த 20 கிராம் ஆவியானால் 30 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும், அதுவும் ஒரே நேரத்தில், அகர்க் குழம்புக்குள்ளிருந்து. பஞ்சு அடைப்பு பறக்கும், மீடியா பொங்கிக் கலமெல்லாம் வழியும், பாட்டில் விரிசல் விடும்.

குக்கரில் வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விடும் வழக்கம் இருக்கிறதே, எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முன்பு சொன்னது அதைத்தான். திரவம் இருக்கும் எந்த ஓட்டத்திலும் அணைத்துவிட்டுத் தானாக இறங்க விடுங்கள். முக்கால் மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். ஈரத்துணி போடுவது, மேலே தண்ணீர் தெளிப்பது எல்லாம் வேண்டாம். காலிக் கண்ணாடிச் சாமான், கத்தரி, இடுக்கி மட்டும் இருந்தால் வேகமாக விடலாம், தவறில்லை. இதற்காகவே திரவத்தையும் உலர்ந்த பொருளையும் தனித்தனி ஓட்டத்தில் வைக்கச் சொல்வது.

முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. உடனே நட்டில் கை வைக்காதீர்கள், பழைய முள் பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. ஆவி வால்வை மெதுவாகத் திறந்து, அதன் வாய் யார் பக்கமும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சீறினால் முள் பொய் சொல்கிறது, காத்திருங்கள். ஒன்றும் வராவிட்டால் இன்னும் பத்து நிமிடம் கழித்து, எதிரெதிர் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எதையும் முழுக்கக் கழற்றாமல் எல்லாவற்றையும் தளர்த்துவது முக்கியம். மிச்ச அழுத்தம் இருந்தால் ஓரத்தில் கசிந்து போய்விடும், மூடி எகிறாது. பிறகு மூடியின் மறுபக்கம் முதலில் திறக்கும்படி சாய்த்துத் தூக்குங்கள். ஆவி உங்களைவிட்டு விலகிப் போகும். மிதித்துத் திறக்கும் வகையானால் முகத்தை அப்பால் வைத்துக்கொண்டு மிதியுங்கள். திறந்ததும் எட்டிப் பார்க்க வேண்டாம், ஒரு பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பிளாஸ்கை எடுத்ததும் குலுக்காதீர்கள். வெளியே அமைதியாகத் தெரியும் திரவம் 100 டிகிரிக்கு மேல் இருந்தால் ஓர் அசைவில் குபீரென்று பொங்கும். அகர் தோலில் பட்டால் தண்ணீரைப்போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு உள்ளே சுடும். ஈரமான குளிர்ந்த கிரானைட் மேடையில் வைக்காதீர்கள். துணி விரித்து வையுங்கள்.

உடுப்பைப் பற்றி: வெப்பம் தாங்கும் நீளமான கையுறை, முகத்தை முழுக்க மறைக்கும் ஷீல்டு, லேப் கோட், மூடிய ஷூ. துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகிவிடுங்கள். செருப்போடு வரவே வேண்டாம், கொதிக்கும் தண்ணீர் கீழேதான் சிந்தும். நைந்த துணிக் கையுறை ஈரமாக இருந்தால் சூடு உடனே உள்ளே வந்துவிடும், ஈரக் கையுறையைவிட உலர்ந்த பழைய துண்டே மேல். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், அதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஐஸ், பற்பசை, மை, இட்லி மாவு எதுவும் போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். முகத்திலோ கண்ணிலோ பட்டால் சின்னது பெரியது என்று பார்க்காதீர்கள்.

இனி உங்கள் தட்டில் முளைப்பதற்கு வருகிறேன். காற்று வெளியேறாததே காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன், ஆனால் ஊற்றும் கையும் காரணமாக இருக்கலாம். பிரித்தறிவது எளிது. அடுத்த ஓட்டத்தில் ஒரு பிளாஸ்க் நியூட்ரியன்ட் புரோத்தை (அகர் சேர்க்காத திரவ மீடியா) கூடையின் நடுவில் வைத்து, வெளியே எடுத்ததும் திறக்காமல் 37 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். கலங்கினால் ஆட்டோகிளேவைச் சரி பாருங்கள். தெளிவாகவே இருந்தால் லேமினார் மேடையையும் (வடிகட்டிய காற்று வீசும் வேலை மேடை) ஊற்றும் முறையையும் பாருங்கள்.

பொட்டலத்தில் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்ததே என்பீர்கள். அது "இந்தப் பொட்டலம் உள்ளே போய் வந்தது" என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். உண்மையான சோதனை ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள். பட்டையாகவோ சிறு குப்பியாகவோ கிடைக்கும். ஆவி எட்டச் சிரமமான இடத்தில், கூடையின் நடுவில் அல்லது அடியில் வையுங்கள். ஓட்டம் முடிந்தபின் 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள், கூடவே ஆட்டோகிளேவ் செய்யாத ஒன்றையும் வையுங்கள். அது வளர வேண்டும், இது வளரக் கூடாது. இரண்டுமே வளராவிட்டால் வித்துகளே செத்தவை, சோதனை செல்லாது. மாதம் ஒன்றாவது வைத்து, தேதி, நேரம், வெப்பநிலை, ஓட்டியவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கழிவுக்குத் தனி ஓட்டம். வளர்ப்புத் தட்டுகளையும் மீடியாவையும் ஒன்றாக வைக்கக் கூடாது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, உங்களிடம் இருப்பதுபோல் காற்றைத் தானாக வெளியேற விடும் வகை ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு, குறைந்தது 60 நிமிடம். மீடியாவுக்கான 15 நிமிடம் இங்கே செல்லாது. தட்டுகள் அடைத்த பையின் வாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே காற்று மட்டும்தான் இருக்கும். வாயைத் தளர்வாக விட்டு, உள்ளே நூறு இருநூறு மி.லி. தண்ணீர் ஊற்றி, பாலிபுரொப்பிலீன் தட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ வையுங்கள். ஊசியும் உடைந்த கண்ணாடியும் பையில் இருக்கக் கூடாது. ஆறியபின் அகரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்துவிடும். கட்டியானபின் பையோடு கொடுத்துவிடலாம்.